இரண்டு நாளில் முடியாத கணக்கு: சேலத்தில் ஒரு மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியும் அதை நடத்திய ராணுவ அதிகாரியும்

ஓய்வுபெற்ற ஒரு லெப்டினன்ட் கர்னல் சேலத்தில் குத்துச்சண்டைச் சங்கப் பொறுப்பை ஏற்று, 15, 16 வயதுப் பையன்களுக்கான மாவட்டப் போட்டியை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடத்தினார். முதல் ஆண்டு திட்டம் நடுவிலேயே உடைந்தது. இரண்டாம் ஆண்டு சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நாளில் முடிந்தது. எது உடைந்தது, எதை மாற்றியதால் சரியானது என்பதை, வேறு ஊர்களில் போட்டி நடத்துகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதியிருக்கிறோம். ஆட்கள், சங்கம், மண்டபம் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

ராணுவத்திலிருந்து அமெச்சூர் குத்துச்சண்டை நிர்வாகத்துக்கு ஆட்கள் வருவது புதிதல்ல. 1946இல் தொடங்கிய அனைத்துலக அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த ருட்யார்டு ரஸ்ஸல் பிரிட்டிஷ் லெப்டினன்ட் கர்னல். 1978 முதல் 1986 வரை தலைவராக இருந்த டான் ஹல் அமெரிக்கக் கர்னல். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வீரர்கள் ஹெட்கார்டு (தலைக்கவசம்) அணிந்து இறங்கியது அவர் காலத்தில்தான். நம் நாட்டில் 1966, 1970 ஆசியப் போட்டிகளில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற கேப்டன் ஹவா சிங், பட்டாளத்துக்குப் பிறகு ஹரியானாவின் பிவானியில் பையன்களைத் தயார் செய்வதிலேயே மீதிக் காலத்தைச் செலவிட்டார்.

இவர்களுக்கு ஒழுங்கு இருக்கும், அதனால் நிர்வாகம் எளிது என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. பட்டாளத்தில் குத்துச்சண்டைக்கு வேண்டிய பாதிப் பொருள் கேட்காமலே கிடைக்கிறது. படைப்பிரிவுக்கு மருத்துவ அதிகாரி உண்டு. வீரர்கள் ஒரே லைனில் தூங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். யார் எடை என்ன என்பது வாராவாரம் தெரியும். வயதுக்குச் சான்று ஆவணத்திலேயே இருக்கிறது. ரிங்கைத் தூக்கி வைக்க ஆள் தேடவேண்டியதில்லை. ஊர்ச் சங்கத்தில் இதில் ஒன்றுகூடத் தானாக வராது. அதிகாரிக்கு இந்த வித்தியாசம் புரிய ஓர் ஆண்டு பிடித்தது.

முதல் ஆண்டு

அவர் மண்டபத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குப் பிடித்தார். பயிற்சிக் கூடங்களுக்கு வரிசை எண் போட்ட சுற்றறிக்கை போனது: இத்தனை மணிக்கு ஆஜராக வேண்டும், தவறினால் சேர்க்கப்படமாட்டார்கள். பயிற்சி தரும் மாஸ்டர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். தறியில் இருக்கிறவர் உண்டு, லாரி பட்டறையில் இருக்கிறவர் உண்டு. கூடம் நடத்துவதில் அவர்களுக்குக் கைக்காசுதான் போகும். அந்தக் கடிதத்தின் தொனியைப் பார்த்துச் சிலர் பெயர்ப்பட்டியலே அனுப்பவில்லை. ஆனால் போட்டி அன்று காலையில் பையன்களோடு வந்து நின்றார்கள். வந்த பையனைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. வெயிட் எடுத்து முடித்தபோது 52 கிலோ பிரிவில் 11 பேர் இருந்தார்கள்.

கணக்கு இங்கேதான் உடைந்தது. தோற்றவர் வெளியேறும் நாக்அவுட் முறையில் 11 பேர் என்றால் 16 பேருக்கான கட்டம் போட வேண்டும். 16இலிருந்து 11ஐக் கழித்தால் 5 பேருக்கு ‘பை’, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று. மீதி 6 பேர் முதல் சுற்றில் 3 ஆட்டம். அடுத்து 4 கால் இறுதி, 2 அரை இறுதி, 1 இறுதி. மொத்தம் 10 ஆட்டம்தான். நேரமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம். ஆனால் ஒரு பையனுக்கு ஒரு நாளில் ஒரு ஆட்டம்தான். நாலு சுற்று என்றால் நாலு நாள். ஆட்டங்களின் எண்ணிக்கையை வைத்து மண்டபம் பிடிக்கிறவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நாளைத் தீர்மானிப்பது ஆட்ட எண்ணிக்கை அல்ல, ஒரு பிரிவில் இருக்கும் சுற்று எண்ணிக்கை. 4 பேர் வரை 2 நாள், 8 பேர் வரை 3 நாள், 16 பேர் வரை 4 நாள்.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நடத்திவிடலாம் எனச் சில மாஸ்டர்கள் கேட்டார்கள். அதிகாரி மறுத்துவிட்டார். அது சரியான முடிவு. காலை ஆட்டத்தில் தலையில் வாங்கிய அடியின் விளைவு சில மணி நேரம் கழித்துத்தான் தெரிய வரலாம்; அந்த நிலையில் இன்னொரு முறை ரிங்கில் ஏற்றுவது பையனின் உயிரோடு விளையாடுவது. ஞாயிறு மாலை இரண்டு சுற்றோடு நிறுத்தி, மீதியை அடுத்த சனி, ஞாயிறுக்குத் தள்ளினார்கள். அதே மண்டபத்தில் கல்யாணம். ரிங்கைப் பிரித்து வேறு இடத்தில் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சில பையன்கள் இரண்டாவது வாரம் வரவில்லை. பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு முறை காசுக்கு எங்கே போவார்கள்?

இரண்டாம் ஆண்டு: நாலு மண்டலம்

முன்கூட்டியே வடிகட்டுவதுதான் தீர்வு. மாவட்டத்தை நாலாகப் பிரித்தார்கள்: சேலம் மாநகர் ஒன்று; ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி சேர்ந்து ஒன்று; வாழப்பாடி, ஆத்தூர் சேர்ந்து ஒன்று; ஏற்காடு ஒன்று. ஒரு மண்டலத்திலிருந்து ஒரு எடைப் பிரிவுக்கு ஒருவர். அப்போது எந்தப் பிரிவிலும் 4 பேருக்கு மேல் போகாது. முதல் நாள் அரை இறுதி, இரண்டாம் நாள் இறுதி.

ஜூனியர் பையன்களுக்கு 13 எடைப் பிரிவுகள்: 46, 48, 50, 52, 54, 57, 60, 63, 66, 70, 75, 80 கிலோ வரை, அதற்கு மேல் ஒன்று. எல்லாம் நிரம்பினால் 52 பையன்கள், முதல் நாள் 26 ஆட்டம், மறுநாள் 13. ஒரு ஆட்டம் இரண்டு நிமிடச் சுற்று மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு இரண்டு, ஆக 8 நிமிடம். ஏறி இறங்கி, கிளவுஸ் பார்த்து, முடிவு சொல்ல 4 நிமிடம் சேர்த்தால் 12. முதல் நாள் 26 ஆட்டத்துக்கு 5 மணி 12 நிமிடம். இதைப் பின்னாலிருந்து எண்ணித்தான் காலை நேரத்தைக் குறிக்க வேண்டும். வெயிட் எடுத்து முடிந்து முதல் பெல்லுக்குக் குறைந்தது 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆகவே 7 மணிக்குத் தொடங்கி 8.30க்கு வெயிட் முடியும், முதல் பெல் 11.30க்கு, கடைசி ஆட்டம் ஐந்து மணிக்கு முன்னால்.

மருத்துவப் பரிசோதனையும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒரு பையனுக்கு 3 நிமிடம் என்றாலும் 52 பேருக்கு 156 நிமிடம். ஒரு மருத்துவரால் ஆகாது. இரண்டு பேர் இருந்தால் 78 நிமிடத்தில் முடிகிறது.

மண்டல முறையில் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மாநகரில் 52 கிலோவில் நல்ல பையன்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஏற்காட்டில் 66 கிலோவில் ஒருவரும் இருக்கமாட்டார். காலியான இடத்தை மாநகரின் இரண்டாவது பையனுக்குத் தந்தார்கள், அதையும் பத்து நாள் முன்பே தேதி போட்டு எழுதி. ஆனாலும் 52 கிலோவில் திறமைசாலி ஒருவன் வெளியே நின்றது உண்மை. நாலு நாள் மண்டபத்துக்குப் பணம் இருக்கிற சங்கம் இந்த வழிக்குப் போகவேண்டாம்.

சுற்றறிக்கையின் தொனியும் மாறியது. அதிகாரி இந்த முறை கடிதம் அனுப்பும் முன் ஒவ்வொரு கூடத்துக்கும் நேரில் போனார். மாஸ்டரின் வேலை நேரம் கேட்டு, அதற்கு ஏற்றபடி மண்டலத் தேர்வு நாளைக் குறித்தார். பட்டியல் வராமல் போட்டி அன்று வந்த கூடம் அந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.

எடைக்கல்லும் மலைப்பேருந்தும்

முதல் ஆண்டில் எடை பார்த்த மின்னணுத் தராசு, மண்டபத்துத் தளம் லேசாகச் சரிந்திருந்த இடத்தில் இருந்தது. 46 கிலோ பையன் ஒருவனுக்கு அங்கே 46.3 காட்டியது, நாலடி தள்ளி வைத்தால் 45.9. எதை நம்புவது? இரண்டாம் ஆண்டு, லீ பஜார் மண்டியிலிருந்து முத்திரை போட்ட 20 கிலோ இரும்பு எடைக்கல் இரண்டு வந்தது. தராசை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, முதலில் ஒரு கல், பிறகு இரண்டு கல் ஏற்றி, 20.0, 40.0 காட்டுகிறதா என்று எல்லா மாஸ்டர்களும் பார்க்க வைத்தார்கள். பத்துப் பையன்களுக்கு ஒருமுறை மறுபடி ஒரு கல். சண்டை அதோடு தீர்ந்தது. அதிகாரபூர்வத் தராசில் பையன் ஏறுவது ஒரே முறை என்பதால், சோதனைத் தராசு ஒன்றை முந்தின நாள் மாலையே திறந்து வைத்தார்கள்.

எடையைக் குறைப்பதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். சேலத்து வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவைப்பது, தண்ணீர் கொடுக்காமல் துப்பவைப்பது என்று இன்னமும் நடக்கிறது. வளரும் பையனின் உடம்பில் நீர் வற்றினால், களைப்போடு போகாது. தலையில் விழும் அடியைத் தாங்கும் சக்தியும் குறையும். இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லார் எடையையும் எழுதி வாங்கி, பிரிவைவிட 2 கிலோவுக்கு மேல் இருக்கும் பையனை மேல் பிரிவுக்கு மாற்றியது இந்தப் போட்டியில் எடுத்த மிக நல்ல முடிவு. 57ஐவிட அரை கிலோ கூடுதலாக இருக்கும் பையன் 60இல் ஆடித் தோற்பது, மயங்கி விழுந்து 57இல் ஜெயிப்பதைவிட மேல்.

ஏற்காட்டுப் பையன்களுக்கு நேர் எதிரான சிக்கல். முதல் ஆண்டு அவர்கள் அதிகாலை பேருந்தில் இறங்கினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, வெறும் வயிறு. மூன்று பேர் வாந்தி. வெயிட் எடுத்தபோது எடை பிரிவுக்கும் கீழே. ரிங்கில் ஏறியபோது கால் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு முந்தின நாள் மதியமே அவர்களைக் கீழே இறக்கி, இரவு தங்கவைத்தார்கள். ராத்திரி சாப்பாடு இட்லி, வெயிட் முடிந்ததும் கஞ்சியும் வாழைப்பழமும் உப்பு போட்ட மோரும். வயதுச் சான்றும் அன்றே பார்க்கப்பட்டது: பிறப்புச் சான்றும் ஆதாரும் பள்ளிச் சான்றும் ஒரே தேதியைச் சொல்லவேண்டும். மலைக் கிராமப் பையன்களில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை. அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சான்று பார்ப்பதை இன்னும் ஒரு மாதம் முன்னால் தள்ளவேண்டும்.

ரிங்

கயிற்றுக்குள் 6.10 மீட்டர் சதுரம். கயிறுக்கு வெளியே நாலு பக்கமும் 85 சென்டிமீட்டர் சேர்த்தால் மேடை 7.80 மீட்டர். உயரம் 1 மீட்டர். கயிறு நாலு, மேடைத் தளத்திலிருந்து 40, 70, 100, 130 சென்டிமீட்டரில். பக்கத்துக்கு இரண்டு இடத்தில் கயிறுகளை மேலிருந்து கீழாகப் பட்டையால் சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாய்கிற பையன் இரண்டு கயிறுக்கு நடுவே நழுவி வெளியே விழுவான். ஒரு மூலை சிவப்பு, எதிர்மூலை நீலம், மற்ற இரண்டும் வெள்ளை. எல்லா மூலைக்கும் மெத்தை.

முதல் ஆண்டில் பந்தல்காரரின் கல்யாண மேடைப் பலகையை வைத்துக் கட்டினார்கள். பலகைகளுக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி, நடந்தால் ஆட்டம். இரண்டாம் ஆண்டு இரும்புச் சட்டம் செய்து, இரண்டடிக்கு ஒரு தாங்குக் கம்பி வைத்து, மேலே 8க்கு 4 அடி பிளைவுட் பரப்பினார்கள். இந்த மேடைக்கு 18 முழுத் தகடு, ஓரத்துக்கு வெட்ட இன்னும் 4, ஆக 22 வேண்டும். அதன்மேல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் கெட்டியான ஃபெல்ட். மெத்தைக்குப் போடும் மெத்தென்ற ஃபோம் கூடாது. கால் புதைந்து கணுக்கால் புரளும்.

கேன்வாஸ் தைக்கச் சங்ககிரிப் பக்கம் தார்ப்பாய் தைக்கிறவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஓரம் மடித்து, அடிக்கு ஒரு கண்ணி அடித்து, மேடைக்கு அடியில் கயிறு கோத்து இழுக்கும்படி தைத்துத் தருவார்கள். ஆனால் வழக்கப்படி லாரிக்குப் போடும் மெழுகு ஏற்றிய துணியை எடுத்துவிடுவார்கள். அதில் வியர்வை சொட்டினால் வழுக்கும். மெழுகு ஏற்றாத பருத்தி கேன்வாஸ் என்று ஆர்டரிலேயே எழுதவேண்டும், துணி வந்ததும் ஒரு மூலையில் தண்ணீர் தெளித்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கினால் சரி, முத்தாக நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

கல்யாண மண்டபத்தில் ரிங் கட்டுகிறவர்கள் மறக்கிற இன்னொன்று, மேலே பார்ப்பது. மேடை ஒரு மீட்டர், கை தூக்கிய பையன் ஏழரை அடி. சேர்த்தால் பத்தே முக்கால் அடி. அதற்குள் தொங்கும் மின்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். கயிறின் இறுக்கம் ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை தளரும். கயிறை இறுக்கும் டர்ன்பக்கிளுக்குச் சாவியோடு ஒருவர் ரிங் ஓரத்திலேயே இருக்கவேண்டும்.

சீட்டும் ஆம்புலன்ஸும்

மாவட்ட அளவில் ஒவ்வொரு ஜட்ஜும் யாரோ ஒருவருக்கு மாஸ்டர், யாரோ ஒருவருக்கு உறவு. அதிகாரி இதை ஒழுங்கு நடவடிக்கையால் சரி செய்யப் பார்த்து முதல் ஆண்டு தோற்றார். அடுத்த ஆண்டு இரண்டு ஏற்பாடு செய்தார். ஐந்து ஜட்ஜ்களும் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்புதான் சீட்டு எடுத்துத் தேர்வு செய்யப்படுவார்கள். ஆடுகிற பையனின் கூடத்துக்காரர் பெயர் வந்தால் அடுத்த சீட்டு. சுற்றில் வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு அதைவிடக் குறைவு என்ற பத்துப் புள்ளி முறையில் எழுதிய தாளை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வாங்கிவிடுவார்கள், மூன்று சுற்றுக்கு மூன்று தாள். கடைசிச் சுற்றைப் பார்த்த பிறகு முதல் சுற்றைத் திருத்த வழியில்லை. புகார் வந்தபோது தாள்களை மேஜையில் பரப்பிக் காட்டினார்.

சங்கத்தின் ஆவணங்களையும் இதே கண்டிப்போடு வைத்தார். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிப்பது முதல், பொதுக்குழு அறிவிப்பைக் கையெழுத்து வாங்கித் தருவது வரை. மேலே இருப்பவர்கள் தேர்தலில் குளறுபடி செய்தால் வலி கீழே வரும் என்பதற்கு 2012 டிசம்பர் சாட்சி. தேர்தல் காரணமாக இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பை அனைத்துலகச் சங்கம் இடைநீக்கம் செய்தது. 2013 அல்மாட்டி உலகப் போட்டியில் நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் ஏறினார்கள். 2014இல் வந்த பாக்ஸிங் இந்தியாவும் நிலைக்கவில்லை. 2016இல்தான் இப்போதைய கூட்டமைப்பு உருவானது.

ஆம்புலன்ஸ் இரண்டு. 108ஐ அழைத்தால் வரும், ஆனால் அழைத்த பிறகுதான் வரும். ரிங் ஓரத்தில் நிற்காது. அதனால் வாடகைக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆக்ஸிஜன், ஸ்ட்ரெச்சர், கழுத்துப் பட்டை. முந்தின சனிக்கிழமை அதே நேரத்தில் ஓட்டுநர் மண்டபத்திலிருந்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு வண்டி பையனோடு கிளம்பினால் மற்றது நிற்கும். இரண்டும் போய்விட்டால், அல்லது ரிங் ஓரத்தில் மருத்துவர் இல்லாவிட்டால், பெல் அடிக்கக் கூடாது. யார் மேடையில் காத்திருந்தாலும் சரி.

இது சோதிக்கப்பட்டது 57 கிலோ அரை இறுதியில். இரண்டாம் சுற்றில் நீல மூலைப் பையன் வலதுகைக் குத்து ஒன்றை நெற்றிப்பொட்டில் வாங்கி ஒரு முழங்கால் போட்டான். எட்டு வரை எண்ணி முடித்தபோது எழுந்து நின்றான், கையையும் தூக்கினான். ரெஃப்ரி அவன் கண்ணைப் பார்த்தார். பார்வை அவர் தோளுக்குப் பின்னால் எங்கோ நின்றது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மருத்துவர் ஏறி, இது எந்த ஊர், எத்தனையாவது சுற்று என்று கேட்டார். ஊரைச் சொன்னான். சுற்று முதலாவது என்றான்.

“சார், பையன் நல்லாத்தான் சார் நிக்கிறான். ஒரு நிமிஷம் குடுத்தா ஆடிடுவான்” என்று மாஸ்டர் அதிகாரியிடம் வந்தார்.

“மாஸ்டர், இங்க என் பேச்சு கிடையாது. டாக்டர் சொல்றதுதான்” என்றார் அதிகாரி.

வண்டி கிளம்பியது. இரண்டாவது வண்டி வாசலுக்கு வந்து நின்ற பிறகே அடுத்த பெல். அதற்கு ஏழு நிமிடம் ஆனது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

மருத்துவமனையில் எல்லாம் இயல்பாக இருந்தது. தலையில் வாங்கிய அடியால் ஆட்டம் நிறுத்தப்பட்டதால் 30 நாள் தடை. 90 நாளுக்குள் இன்னொரு முறை நடந்தால் 90 நாள், ஓராண்டில் மூன்றாவது முறையானால் ஓராண்டு. தடை என்பது போட்டிக்கு மட்டுமில்லை, கூடத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யவும் கூடாது. பலர் இதைத்தான் மீறுகிறார்கள், பையனும் வீட்டில் சொல்லமாட்டான். அதனால் தடை முடியும் தேதியைப் பையனின் மருத்துவப் புத்தகத்தில் மருத்துவர் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட, புத்தகத்தைச் சங்கம் வைத்துக்கொண்டது. அம்மாவுக்கும் ஒரு நகல் போனது: தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தமிழில் நாலு வரி.

இருபத்து நாலாம் நாள் மாஸ்டர் புத்தகம் கேட்டு வந்தார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு போட்டி. அதிகாரி அவருக்கு டீ வரவழைத்தார், புத்தகத்தைத் திறந்து சிவப்புத் தேதியைக் காட்டினார், மறுபடி மேஜை இழுப்பறையில் வைத்தார். முப்பத்தொன்றாம் நாள் மருத்துவர் பையனைப் பரிசோதித்து அடுத்த வரியில் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பையனே வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான்.